ராகுகாலத்துக்கு முன்னம் வெளிக்கிட்ட பெட்டி

அண்டைக்கு எனக்கு இருந்தது ஒரேயொரு அலுவல். சின்யோராவின்ரை சூட்கேஸை அடுக்கவேணும். அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின்ரை நடுப்பகுதி. இத்தாலியிலை, பலேர்மோவிலை எனக்கு அது நாலாவது வருசம். ஊரிலை அரசாங்கக் கச்சேரியிலை கிளார்க்கா இருந்தனான். இஞ்சை எழுபத்தாறு வயசுச் சின்யோரா ஒராளின்ரை வீட்டிலை சமையல், கூட்டல், துடைத்தல், மருந்து எடுத்துக் குடுத்தல். கோப்பு அடுக்கின கைக்கு உடுப்பு அடுக்கிறது ஒரு வேலையோ எண்டு நினைச்சன்.

புருசன் செத்த பிறகு சின்யோரா முதல் தரம் வீட்டை விட்டு வெளிக்கிடுறா. மார்கழி மாசம், ஏழு நாள் கப்பல் பயணம். நாப்போலி, மார்செய், பார்சலோனா எண்டு ஒரு சுத்து.

"குளிருக்கும் வேணும், வெயிலுக்கும் வேணும், கப்டனோடை சாப்பிடவும் வேணும்" எண்டா.

கப்டன் ஒருநாள் எல்லாருக்கும் விருந்து வைப்பாராம். அதுக்கெண்டு ஒரு நீல வெல்வெட் சட்டை தைப்பிச்சு வைச்சிருந்தா. "எதை விட்டாலும் இதை விட்டிடாதை" எண்டு மூண்டு தரம் சொன்னா. நானும் மூண்டு தரம் ஓம் எண்டன்.

எனக்கும் அவவிட்டை ஒரு அலுவல் இருந்தது. இஞ்சை இருக்கிறதுக்குத் தந்த அனுமதிப் பத்திரம், என்ரை பெர்மெசோ, முடியப்போகுது. புதுப்பிக்கிறதெண்டால் வேலை தாற ஆளின்ரை கையெழுத்து வைச்ச கடிதம் வேணும். "வந்து ஆறுதலா வாசிச்சுப்போட்டு வைக்கிறன்" எண்டிட்டா. ஆக, சின்யோரா பத்திரமாத் திரும்பி வரவேணும். அவ கடலோடை போனா நானும் ஊரோடை போகவேண்டியதுதான்!

ஞாயிற்றுக்கிழமை. சின்யோரா மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுத்திட்டா. நான் அலுமாரியைத் திறந்தன்.

கம்பளி மேற்சட்டை ஆறு. சப்பாத்து ஏழு சோடி. முழங்கால் மட்டும் தொங்கிற மயிர்க்கோட்டு ஒண்டு. எழுபத்தாறு வயசுக்கு ஒரு நீச்சல் உடுப்பு! பிறகு கம்பியும் கொளுக்கியுமா இன்னொரு சாமான். இடுப்பை இறுக்கிறதோ, நெஞ்சை நிமித்திறதோ, எனக்கு விளங்கேல்லை.

என்ரை மனுசி வசந்தி வேலை செய்யிற வீட்டுக்கு ரெலிபோன் எடுத்தன்.

"இஞ்சாரும், கம்பி வைச்ச சாமானை என்னெண்டு மடிக்கிறது?"

"அதுக்கு ஏனப்பா என்னைக் கேக்கிறியள்? கண்ணை மூடிக்கொண்டு சுருட்டி வையுங்கோ!"

மூடினன், சுருட்டினன், வைச்சன். வெல்வெட் சட்டையை மட்டும் ஒரு பொலித்தீன் உறைக்குள்ளை போட்டு, எல்லாத்துக்கும் மேலை கிடத்தினன். அதோடை விட்டிருக்கலாம்.

விட்டனோ? பெட்டிக்குப் பூட்டு இருந்தது, தோல் வாரும் இருந்தது. எண்டாலும் கயிறு கட்டாத பெட்டியை நாங்கள் பெட்டியெண்டு ஒத்துக்கொள்ளிறேல்லை. நீல நைலோன் கயிறாலை நீளப்பாட்டுக்கு ரெண்டு, குறுக்காலை மூண்டு சுத்து. முடிச்சுக்கு மேலை முடிச்சு.

பிறகு குசினிக் கதவிலை தொங்கிற எங்கடை கலண்டரைப் பாத்தன். பாத்திருக்கக் கூடாது.

சின்யோராவின்ரை மருமகன் காரோடை ஐஞ்சு மணிக்கு வாறார். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரையிலை இருந்து ஆறு மட்டும்!

கடல் பயணம், வயசு போன மனுசி, ராகுகாலம், என்ரை பெர்மெசோ.

இதுக்கும் எங்கடை ஆக்கள் ஒரு வழி வைச்சிருக்கினம். ஆள் வெளிக்கிட ஏலாட்டில், ஆளின்ரை பெட்டியை நல்ல நேரத்திலை எடுத்துக்கொண்டுபோய் அயல்வீட்டிலை வைச்சால் போதும். பயணம் அப்பவே தொடங்கின கணக்கு.

நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினன். லிஃப்ட் பழுது. நாலு மாடியும் படியாலை இறக்கினன்.

எங்கடை கட்டிடத்துக்குக் காவல் செல்லத்துரை அண்ணை. வாசலோடை இருக்கிற அறையிலை அவரும் மனுசி யோகராணி அக்காவும் குடியிருந்தினம்.

"அக்கா, இது கொஞ்சம் இஞ்சை இருக்கட்டும்."

"அதுக்கென்ன தம்பி, அந்தப் பெட்டியளோடை வை."

மூலையிலை ஏற்கனவே நாலு பெட்டி. நாலிலையும் நீல நைலோன் கயிறு. அதைப் பாத்தும் என்ரை மண்டையிலை ஒண்டும் ஓடேல்லை. பக்கத்திலை வைச்சிட்டு, பெரிய காரியம் செய்த ஆள் மாதிரி மேலை வந்து சின்யோராவுக்குக் கோப்பி போட்டன்.

ஐஞ்சுக்கு இருவது நிமிசம் இருக்கேக்கை, மருமகன் வரமுதல் பெட்டியை எடுத்து வைப்பம் எண்டு கீழை போனன். மூலை வெறுமையாக் கிடந்தது.

"அக்கா! பெட்டி எங்கை?"

"இவர் இப்பதானே வான் ஒண்டிலை ஏத்திக்கொண்டு போறார்."

"எங்கை போறார்?"

"போட்டுக்கு, துறைமுகத்துக்கு. என்ரை தம்பி பாலன் நாப்போலிக் கப்பலிலை போய், அங்கையிருந்து ரோமாவிலை பிளேன் ஏறிறான். வாற கிழமை கொழும்பிலை அவனுக்குக் கலியாணம் எல்லே!"

"அக்கா, அது சின்யோராவின்ரை பெட்டி!"

"ஐயோ! நீ ஊருக்குக் குடுத்துவிடத்தான் கொண்டந்தனீ எண்டெல்லே நினைச்சன். கயிறும் கட்டியிருந்துது!"

அக்காவிலை என்ன பிழை? எங்கடை சனத்திலை ஒருத்தன் ஊருக்குப் போறான் எண்டால், பலேர்மோ முழுக்கப் பெட்டியோடை வந்து நிக்கும். ஆரும் கேள்வி கேக்கிறேல்லை. வாங்கி ஏத்திறதுதான் முறை.

மேலை ஓடினன். சின்யோரா கண்ணாடிக்கு முன்னாலை தொப்பி போட்டுக்கொண்டு நிண்டா.

"பெட்டி எங்கை?"

"போட்டுக்கு அனுப்பிப்போட்டன் சின்யோரா. நீங்கள் கரைச்சல் படக்கூடாது எண்டு."

"பிராவோ!" எண்டு கன்னத்திலை தட்டினா. அந்தத் தட்டு எனக்கு அடிச்ச மாதிரி இருந்தது.

ஓடினன். பஸ்ஸைப் பாத்துக்கொண்டு நிக்க நேரமில்லை. றோட்டாலை ஓடின ஓட்டத்துக்கு, ரெண்டு பேர் நான் எதையோ களவெடுத்துக்கொண்டு ஓடிறன் எண்டு கலைச்சுப் பாத்தினம்.

போட்டிலை நாப்போலிக் கப்பலுக்குப் பக்கத்திலை எங்கடை ஆக்கள் வட்டமா நிண்டினம். நடுவிலை ஒரு குளியலறைத் தராசு. ஐஞ்சு பெட்டியும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்குது.

"வந்திட்டியே தம்பி?" செல்லத்துரை அண்ணை ஆறுதலா நிமிந்தார். "நீ அனுப்பின உடுப்பெல்லாம் திறம். நிறைதான் கூடிப்போச்சு. அதுதான் எல்லாத்தையும் பிரிச்சு மற்றப் பெட்டியளுக்கும் பகிர்ந்து போட்டம்."

பாலன் சின்யோராவின்ரை மயிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு நிண்டான். கொழும்புக்கு!

"உடம்பிலை போட்டிருந்தா நிறுக்கமாட்டாங்கள் அண்ணை" எண்டான்.

கோட்டை இழுத்துக் கழட்டினன். "அது என்ரை சின்யோராவின்ரை! கெதியா எடுங்கோ!"

அதுக்குப் பிறகு நடந்ததை அடுக்கினது எண்டு சொல்லேலாது. ஆளுக்கொரு பெட்டிக்குள்ளை கையை விட்டினம். நீச்சல் உடுப்பு ஒரு சுவர் மணிக்கூட்டைச் சுத்திக்கொண்டு கிடந்தது. சப்பாத்துகளுக்குள்ளை ஆரோ சவுக்காரக்கட்டி அடைஞ்சு வைச்சிருந்தினம். கம்பிச் சாமானை அண்ணை தூக்கிப் பிடிச்சு, "தம்பி, இது என்ன, குருவிக்கூடோ?" எண்டு கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினன்.

இருட்டுப்பட்டிட்டுது. பொலித்தீன் உறைக்குள்ளை பாரமா, மெத்தெண்டு ஒரு உடுப்புத் தட்டுப்பட்டது. வெல்வெட்! அமுக்கினன், பூட்டினன். பழக்கதோசம், கயிறும் கட்டினன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு சின்யோராவின்ரை கப்பலடிக்குப் போக, கார் வந்து நிண்டது.

"இதென்ன கயிறு?" எண்டா சின்யோரா.

"பாதுகாப்பு, சின்யோரா."

ரெண்டு கன்னத்திலையும் கொஞ்சிப்போட்டு ஏறினா. மணி ஐஞ்சரை. ராகுகாலத்தின்ரை நட்ட நடு. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி நான்தான்.

வியாழக்கிழமை கொழும்பிலையிருந்து ரெலிபோன்.

"அண்ணை, என்ரை கலியாணக் கோட்டு எங்கை? பொலித்தீன் உறையிலை போட்டிருந்தனான். இஞ்சை உறைக்குள்ளை ஒரு நீல வெல்வெட் சட்டை இருக்குது!"

நான் கதிரையிலை இருந்திட்டன்.

"தம்பி, அதைப் பத்திரமா வை, திருப்பி அனுப்பு..."

"எப்பிடி அண்ணை? மாமி கண்டிட்டா. மாப்பிள்ளை பொம்பிளைக்கு இத்தாலிச் சட்டை கொண்டந்திருக்கிறார் எண்டு அயலெல்லாம் காட்டிப்போட்டா. வரவேற்புக்கு அதைத்தான் போடப்போறாளாம்."

போட்டவ. படம் பிறகு வந்தது. கொழும்பு வெக்கையிலை கழுத்து வரைக்கும் வெல்வெட், பொம்பிளை வேர்த்து ஊத்திக்கொண்டு சிரிக்கிறா. பக்கத்திலை பாலன், ஆரிட்டையோ இரவல் வாங்கின கோட்டோடை.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கு நித்திரை இல்லை. பிள்ளையாருக்கும் நேர்த்தி வைச்சன், மலையிலை இருக்கிற பலேர்மோக் காவல் புனிதை சாந்தா ரொசாலியாவுக்கும் வைச்சன். ஆர் முந்தினாலும் சரி.

"உண்மையைச் சொல்லிப்போடுங்கோ. அவ நல்ல மனுசி" எண்டாள் வசந்தி.

"நல்ல மனுசிதான். ஆனா அவ சொன்னது ஒரேயொரு சட்டை, அதையும் ஊருக்கு அனுப்பிப்போட்டன்!"

பின்னேரம் சின்யோரா வந்து இறங்கினா. மேசையிலை ஒரு படத்தை வைச்சா.

கப்டனுக்குப் பக்கத்திலை சின்யோரா. தோளிலை பாலனின்ரை சந்தனநிறக் கலியாணக் கோட்டு! பாலன் ஈர்க்குமாதிரிப் பெடியன், சின்யோராவும் அப்பிடித்தான். அளவெடுத்துத் தைச்சமாதிரி இருந்தது.

"அண்டைக்கு இருபது பேர் வெல்வெட்டிலை வந்தவை" எண்டா. "கப்டன் என்னோடைதான் ரெண்டு தரம் ஆடினார். இந்தக் கோட்டு ஆரின்ரை?"

எல்லாத்தையும் சொன்னன். கலண்டர், கயிறு, தராசு, பொம்பிளை, வெல்வெட். சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்திட்டுது. சின்யோரா சிரிச்சுச் சிரிச்சு, கண்ணாடியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சா.

"அந்தப் பிள்ளை சட்டையை வைச்சிருக்கட்டும். கோட்டை நான் திருப்பித் தரமாட்டன் எண்டு மாப்பிள்ளைக்குச் சொல்லு. எங்கை உன்ரை கடிதம்?"

ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தன். பேனையைத் திறந்தா. நான் நிமிந்து மணிக்கூட்டைப் பாத்தன்.

ஞாயிற்றுக்கிழமை, ஐஞ்சு மணி பத்து நிமிசம். சுத்த ராகுகாலம்.

நான் வாயே திறக்கேல்லை.