ஐந்தாவது மூலை

வகுப்பறையை மூன்றாவது முறையாகச் சுற்றிவந்தும் தலைமையாசிரியருக்கு நான்கு மூலைகள்தான் கிடைத்தன.

“நேத்தும் நாலுதானா டீச்சர்?”

“கட்டின நாள்லேருந்து நாலுதான் சார்.”

இரண்டாம் வகுப்பு டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். பதினோரு மணிக்கு மேலதிகாரி வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவளுக்கு வேலை நிரந்தரம். அவர் அனுப்பிய சுற்றறிக்கையோ, ‘வகுப்பறையின் ஐந்து மூலைகளிலும் ஐந்து வாசிப்பு மையங்கள்’ என்று அடித்துச் சொன்னது. படம் பார்க்க, எழுத்து அடுக்க, கதை கேட்க, எழுதிப் பார்க்க, சும்மா படிக்க.

அதுவரை பிள்ளைகள் நடுவில் ஒரே பாயில் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தர் தோளில் ஒருத்தர் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தார்கள். நன்றாகவே படித்தார்கள். ஆனால் அது எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லையே! பாய் சுருட்டப்பட்டு வராந்தாவுக்குப் போனது.

“பீரோவை ஒரு மூலைக்குக் குறுக்கே சாய்வாப் போட்டா, ஒரு மூலை போய் ரெண்டு மூலை வரும் சார்,” என்றாள் டீச்சர்.

தலைமையாசிரியர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். “அட, ஆமாம்மா!”

பீரோ முனகிக்கொண்டே நகர்ந்தது. மூலை ஐந்தானது, ஜன்னல் அடைபட்டது. படம் பார்க்கும் மையத்தில் படமே தெரியவில்லை. எதிர்மூலைக்குத் தள்ளினார்கள். வெளிச்சம் வந்தது; கதவு பாதிக்குமேல் திறக்க மறுத்தது.

பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மையம் மாற வேண்டுமாம். மணி அடித்தார்கள். இரண்டாவது மணிக்கு மூன்றாம் வகுப்பு பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டது. தலைமையாசிரியர் கேட் வரை ஓடிப்போய் மறித்தார். சரியென்று டீச்சர் மணிக்குப் பதில் கை தட்டினாள். பிள்ளைகளும் தட்டினார்கள். நிறுத்தத்தான் இல்லை.

“போதும்டா! போதும்டி!”

இன்னும் பலமாகத் தட்டினார்கள்.

அந்த நேரம் பார்த்து அதிகாரி வந்தார். வயிற்றை உள்ளிழுத்துக்கொண்டு, பாதிக் கதவில் நண்டுபோல் பக்கவாட்டில் நுழைந்தார். கைதட்டல் தனக்குத்தான் என்று நினைத்துக் கையை உயர்த்தினார். பிறகு மூலைகளை எண்ணினார். யார் என்ன படிக்கிறார்கள் என்று பார்க்கவில்லை.

“அஞ்சு! நான் பாத்த ஸ்கூல் எதுலயும் நாலுக்கு மேல இல்ல. நாட்டுல அக்கறையே போயிடுச்சு.”

“கையெழுத்து சார்...” என்று இழுத்தாள் டீச்சர்.

“அடுத்த மாசம் புது சுற்றறிக்கை வரும். அதையும் இப்படியே செஞ்சு காட்டுங்க, உடனே போட்டுடறேன்.”

தலைமையாசிரியர் அவரைக் காப்பிக்கு அழைத்துப்போனார். டீச்சர் வராந்தாவுக்கு வந்தாள். சுருட்டிய பாயின்மேல் உட்கார்ந்திருந்த அதிகாரியின் டிரைவர் சட்டென்று எழுந்து, அதைத் தட்டி அவளிடம் நீட்டினார்.

“இதைப் பத்திரமா வச்சுக்குங்க டீச்சர். ஐயா ரூமுக்கு அஞ்சு மூலை, அதை எண்ணித்தான் சுற்றறிக்கை எழுதினாரு; அடுத்த மாசம் வட்டமான ரூமுக்கு மாறுறாரு.”