பெயிண்ட் உதிராத மாவீரன்

மனிதர்களில் பல ரகம் உண்டு. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாதவர் ஒரு ரகம். கேட்காத கேள்விக்கு மூச்சுவிடாமல் பதில் சொல்பவர் இன்னொரு ரகம். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள், சிலரோடு ஒரே வீட்டில் குடியும் இருப்பீர்கள். இன்று நான் காட்டப்போவது மூன்றாவது ரகம். இவருக்குத் 'தொடாதே' என்று பெயர். பெற்றவர்கள் வேறு ஏதோ வைத்ததாகக் கேள்வி. ஆனால் தூக்கத்தில்கூட "தொடாதே, தொடாதே" என்று முனகுகிற ஆளை அக்கம்பக்கம் வேறு என்ன சொல்லித்தான் கூப்பிடும்?

தொழில், கண்ணாடிக்கடை. அடுத்தவர் மூக்கில் கண்ணாடியை மாட்டி, காதோரம் குட்டி ஸ்க்ரூ முடுக்குகிறவர். வாடிக்கையாளர் கண்ணாடியைக் கீழே போட்டு உடைத்தால், "போகட்டும் சார், பொருள்னா உடையத்தானே செய்யும்" என்று ஆறுதல் சொல்வார். தங்கமான மனிதர். அவருடைய பொம்மை கீழே விழுந்தால்? அப்படி ஒன்று இதுவரை நடந்ததில்லை. நடந்திருந்தால் நம் தலைக்கு மேலே வானம் இருந்திருக்காது.

என்ன பொம்மை என்கிறீர்களா? ஞாயிற்றுக்கிழமை மதியம் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஒரு விளையாட்டு நடக்கும். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வீரராகப் புகுந்துகொள்வார்கள். "நான் கதவை உடைக்கிறேன்", "நான் பூதத்தின் காலை வாருகிறேன்" என்று வாயால் சொல்லவேண்டியது, பகடையை உருட்டவேண்டியது. காரியம் நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். யார் எங்கே நிற்கிறார் என்று தெரிய, கட்டம் போட்ட அட்டை ஒன்று விரித்திருக்கும். அதன்மேல் கட்டைவிரல் உயரத்தில் ஆளுக்கொரு பொம்மை. கதையில் செத்தால் செத்ததுதான். அந்த ஆள் திரும்பி வரமாட்டான். ஒன்றும் தெரியாத கற்றுக்குட்டி ஒருவனை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கிளம்ப வேண்டும்.

கதை சொல்கிறவர் தொடாதேயின் மச்சான், அதாவது மனைவியின் தம்பி. லிஃப்ட் ரிப்பேர் வேலை. ஆட்களைப் பாதி வழியில் தொங்கவிடுவது எப்படி என்று அவருக்குத் தொழிலே சொல்லிக்கொடுத்திருந்தது. நான் வேடிக்கை பார்க்க மட்டும் போவேன். ஆட வருகிறவர்களில் ஒருவர் பஸ் டிரைவர். அவருடைய வீரன் ஒரு சோடா மூடி. இன்னொருவர் தையல்கார அக்கா. அவருடைய ஆள் ஒரு சட்டைப் பொத்தான். கதையில் அந்தப் பொத்தான்தான் திருடர்களின் ராணி. வாரம் முழுக்க, "இடுப்பில் கொஞ்சம் பிடிங்க, கையில் கொஞ்சம் விடுங்க" என்று ஊராரின் சுற்றளவுக்கெல்லாம் குனிந்து குனிந்து தையல் போடுகிற அக்கா, ஞாயிறு மதியம் மட்டும் கோட்டைச் சுவர் ஏறிக் குதிப்பார். முதல் நாள் ஆட்டத்திலிருந்து அந்த ராணி சாகவில்லை. அந்தப் பொத்தானைப் பற்றிப் பேசும்போது மட்டும் அக்காவின் முதுகு நிமிர்ந்திருக்கும்.

தொடாதேயின் ஆள் மூடியுமல்ல, பொத்தானுமல்ல. மாவீரன். ஒரு கையில் கொடி, மறு கையில் தலைமுடி அளவுக்கு மெல்லிய ஈட்டி, மார்பில் கவசம், கவசத்தில் ஒரு கீறல், அந்தக் கீறலுக்குள் ஒரு துரு. எல்லாம் அவர் கையால் தீட்டியது. ஒற்றை முடி பிரஷ்ஷால், கடை லென்ஸைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு தீட்டுவார். அவர் மட்டுமா பிடித்தார்? கருவிழி வைத்த அன்று வீடே மூச்சைப் பிடித்தது. பெயிண்ட் காய்கிறவரை ஃபேன் கிடையாது, தூசி ஒட்டிவிடுமாம். வாழ்நாளில் ஒரு சண்டை போடாத வீரனுக்காக ஒரு குடும்பமே வேர்த்து ஒழுகிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"எங்க கல்யாணத்துல என் கையக்கூட இவ்வளவு பதமாப் பிடிக்கல," என்றார் அவர் மனைவி.

"உன் கையில பெயிண்ட் உதிராதேம்மா," என்றார் தொடாதே. கிண்டல் இல்லை. விளக்கம் சொன்னார்.

வாழ்நாளில் சண்டை போடாதவன் என்றேனே, அதைக் கவனித்தீர்களா? மாவீரன் எப்போதும் அட்டையின் ஓரக் கட்டத்தில்தான் நிற்பான். முன்னால் மூடி போய் அடி வாங்கும். பக்கவாட்டில் பொத்தான் போய்ப் பூட்டைத் திறக்கும். மாவீரன் பின்னாலிருந்து கவனிப்பான். பகடை உருண்டுவந்து அவன்மேல் மோதிவிடக் கூடாதென்று, துண்டு விரித்த ஒரு தட்டில்தான் எல்லோரும் உருட்ட வேண்டும். பஸ் டிரைவர் பகடை போடுவது பஸ் கதவைச் சாத்துகிற மாதிரி இருக்கும். அவருக்கு மட்டும் தட்டு பக்கத்து அறையில்.

ஒரு சட்டம்கூடத் தொடாதே போட்டிருந்தார். முன்பொரு நாள் கதையில் கூரை இடிந்து விழ, பஸ் டிரைவர், "நான் அப்பவே வாசல் பக்கம் வந்துட்டேனே" என்று சாதித்தார். அன்றைக்குத் தொடாதே எழுந்து நின்று சொன்னார்: "பொம்மை எங்க நிக்குதோ ஆள் அங்கதான். வாயால நகர்றதெல்லாம் செல்லாது." எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். நியாயமான சட்டம். சட்டம் போட்டவரின் கழுத்துக்கே அது வரும் என்று யார் கண்டது?

அந்த ஞாயிறு வந்தது. மேஜைமேல் இரண்டு பிஸ்கட் டின்கள், இரண்டு மலைகள். நடுவில் அதலபாதாளம். மலைக்கு மலை அக்காவின் தையல் ஸ்கேல்தான் தொங்குபாலம். அந்தப் பக்க டின்மேல் டிராகன். அதுவும் தொடாதே தீட்டியதுதான். ஆகையால் அன்று அவர் இரண்டு கட்சிக்காகவும் பயந்துகொண்டிருந்தார். மூடி டிராகனின் நெருப்பில் மயங்கி ஏற்கெனவே கவிழ்ந்து கிடந்தது. பொத்தான் ராணி பாலத்தின் நடுவே, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் மாவீரன். அவன் பாலத்தில் ஏறி ஈட்டியை நீட்டினால் போதும், அவள் பிடித்துக்கொண்டு மேலே வந்துவிடுவாள். இல்லாவிட்டால் அவள் கதை அதோடு முடிந்தது.

"மாமா, உங்க முறை," என்றார் மச்சான்.

தொடாதே குனிந்து ஸ்கேலை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். "ஆடுதே."

"தொங்குபாலம் மாமா. ஆடத்தான் செய்யும்."

"ஏறினா விழுந்துட மாட்டானா?"

"கதைல உங்க ஆள் இடுப்புல கயிறு கட்டியாச்சே."

"பொம்மை இடுப்புல கட்டலையே."

"அண்ணே," என்றார் தையல்கார அக்கா, "நான் தொங்கிக்கிட்டிருக்கேன்."

"தெரியுதும்மா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

பஸ் டிரைவர் பையில் கைவிட்டு இன்னொரு சோடா மூடியை எடுத்தார். "சார், போறேன்னு வாயால சொல்லுங்க. உங்க ஆளு இங்கயே பத்திரமா நிக்கட்டும். அவனுக்குப் பதிலா பாலத்துமேல இத வச்சுக்கலாம்."

"என் வீரன் மூடியா?" தொடாதே மாவீரனுக்கு முன்னால் கையை வைத்து மறைத்தார். "அப்புறம் சட்டம்னு ஒண்ணு இருக்கு. பொம்மை நிக்கிற இடம்தான் ஆள் நிக்கிற இடம்."

வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த மனைவி கேட்டார். "ஈட்டி உடைஞ்சா ஒட்டிக்கலாமே. பசைதான் டப்பா டப்பாவா வச்சிருக்கீங்களே."

"ஒட்டினா ஒட்டின இடம் தெரியும்."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மாவீரனைப் பார்த்தார். ஒருமுறை இரண்டு விரலை நீட்டி அவன் பீடத்தைப் பிடிக்கக்கூடச் செய்தார். அக்கா நாற்காலி நுனிக்கே வந்துவிட்டார். விரல்கள் அவன் கொடியில் இருந்த ஒரு தூசியை எடுத்துவிட்டுத் திரும்பி வந்தன.

"என் வீரன் இங்கிருந்தே உற்சாகப்படுத்துறான்," என்றார் தொடாதே.

மச்சான் பகடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்தினார். பிறகு, "சரி, போடுங்க" என்றார். தொடாதே பகடையைத் துண்டின்மேல் மெதுவாக, தொட்டிலில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி விட்டார். அவர் வாழ்க்கையிலேயே விழாத பெரிய எண் விழுந்தது. மாவீரன் மிகப் பிரமாதமாக உற்சாகப்படுத்தினான் என்று மச்சான் அறிவித்தார். மலைகள் அதிரும்படி உற்சாகப்படுத்தினான். ராணி அதைக் கேட்டபடியே கயிற்றை விட்டாள்.

மச்சான் ஸ்கேலைச் சாய்க்க, பொத்தான் உருண்டு, மேஜையிலிருந்து தரைக்கு விழுந்து, நாற்காலிக் காலில் முட்டி நின்றது. அக்கா குனிந்து எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவ்வளவு உயரத்துலேருந்து விழுந்தும் உடையல பாருங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். முதுகு திங்கட்கிழமை மாதிரி வளைந்திருந்தது.

தொடாதேக்கு மனசாட்சி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வாரம் முழுக்க அவர் தூங்கவில்லை. கடையில் ஒருவருக்கு வலது கண்ணாடியை இடது பக்கம் மாட்டி அனுப்பினார் என்றால் பாருங்கள். அடுத்த ஞாயிறு எல்லோரும் வந்ததும், பஞ்சு வைத்த பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து வைத்தார். ராணிக்குக் கல்லறை. நகம் உயரம். கல்லில் பாசி, பாசியில் ஈரம், ஓரத்தில் ஒரு விரிசல், விரிசலில் முளைத்த ஒரு புல், உச்சியில் ஒரு குட்டிப் பொத்தான் சிற்பம், அதில் நான்கு ஓட்டைகள். நான் ஆயிரம் கல்லறை பார்த்தவன் இல்லை. ஆனால் அதைப் பார்த்தபோது செத்தால் இப்படி ஒன்றுக்காகவாவது சாகலாம் என்று தோன்றியது.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்காகவா அண்ணே" என்று கையை நீட்டினார்.

"தொடாதீங்க," என்றார் அவர். "வார்னிஷ் காயல."

அக்கா கையை மடியில் வைத்துக்கொண்டார். மச்சான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தார். "நகரத்துக்குள்ள ஒரு கற்றுக்குட்டித் திருடி வர்றா." அக்கா பையிலிருந்து ஒரு சட்டைக் கொக்கியை எடுத்து வைத்தார். "சந்தை கூடுது. ஜனங்க வர்றாங்க, போறாங்க. மைதானத்து ஓரத்துல ஒரு வீரனோட சிலை. கையில கொடி, ஈட்டி. யார் வச்சாங்கன்னு ஊர்ல யாருக்கும் தெரியாது."

"அது சிலையில்லடா," என்றார் தொடாதே. "என் ஆளு."

"அப்படியா மாமா? ஊர்க்காரங்களுக்குத் தெரியாது. அசையவே இல்லையே. ஒரு காக்கா வந்து தலைமேல உக்காருது."

தொடாதே நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்போதாவது அந்த மனிதர் கோபப்படுவார், மாவீரனை ஓரக் கட்டத்திலிருந்து நகர்த்துவார் என்று நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.

"காக்கா எச்சம் போடுமா?" என்று கேட்டார். "பெயிண்ட் போயிடும்."

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். 'நான் பொம்மையே வைத்துக்கொள்வதில்லை' என்றும் சொல்கிறீர்கள், அதுவும் சரிதான். உங்கள் வீட்டு டிவி ரிமோட்டுக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதாமே? விருந்தாளிக்கென்று கண்ணாடி அலமாரியில் கோப்பைகள் வைத்திருக்கிறீர்கள். விருந்தாளி வந்ததும், "அத எடுக்காத, பழசுல குடு" என்று உள்ளே பார்த்துச் சொன்னது யார்? சோபாவுக்கு ஒரு விரிப்பு, விரிப்பு அழுக்காகாமல் மேலே ஒரு துண்டு, துண்டில் யாராவது உட்கார்ந்தால் அவர் முதுகை ஒரு பார்வை. மழை வந்ததும் புதுச் செருப்பைக் கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு, சொந்தக் காலைச் சேற்றில் விட்டு நடந்தீர்களே, அது?

எனக்கென்ன, உங்கள் செருப்பு, உங்கள் கால். எந்த வீட்டிலும் ஒரு பாலத்தில் யாராவது ஒருவர் தொங்கிக்கொண்டுதான் இருப்பார். கூப்பிடும்போது காதில் விழும். நீட்ட ஒரு கையும் இருக்கும். அந்தக் கையில் அப்போது என்ன இருக்கிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி ஒன்றுமில்லை. இந்தப் பக்கத்தின் முனை மடங்கிவிட்டதா என்று இப்போது விரலால் நீவிப் பார்த்தீர்களே, நான் கவனிக்கவில்லை.