கிரைண்டரோடு ஆபீஸுக்குப் போன மனு அத்தை

புதுக்கோட்டை மாவட்டத்தில் சர்க்கார் ஃபைலே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் ஒரே ஆள் எங்கள் தெரு மனு அத்தைதான். பிள்ளைத்தாய்ச்சிக்கு உதவித்தொகை, பள்ளிப் பிள்ளைக்குச் சைக்கிள், எனக்குக் கல்லூரிப் பணம், அப்பாவுக்கு முதியோர் பென்சன் என்று தெருவில் எல்லா வயதுக்கும் மனு எழுதியவள். அவளுடைய சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டுமே தெரியும்.

"இலவசத்தக் குடுத்துச் சனத்தச் சோம்பேறி ஆக்கிட்டாங்க" என்று டீக்கடையில் ஒரு தோப்புக்காரர் சொல்லிவிட்டார். அத்தை கிளாஸைக் கீழே வைத்தாள்.

"ஒங்க பம்புசெட்டுக்கு ஓசிக் கரண்டு வருதே, அது மாமனார் வீட்டுச் சீதனமா? பள்ளிக்கூடத்துல உப்புமா திங்கிற புள்ளதான் ஒங்க கண்ண உறுத்துதாக்கும்."

அதற்குப் பிறகு அவர் வீட்டிலேயே டீ குடித்தார்.

எங்கள் வீட்டில் நானும் அப்பாவும்தான். மூட்டை தூக்கி முதுகு போனவர் அவர். பென்சன் நின்றால் நான் படிப்பை விட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போக வேண்டியதுதான். அப்படி இருக்கையில் பென்சன் விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். விசாரணை என்றால் எங்கள் தெருவில் மிக்சி, கிரைண்டர், ஃபேனெல்லாம் அடுத்த தெருவுக்கு விருந்தாடப் போய்விடும். அப்பாவோ, பெரிய மனுஷர் வருகிறாரே என்று எல்லாவற்றையும் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, வாசலுக்கு நேரே அடுக்கியிருந்தார். அதிகாரி 'வசதியான குடும்பம்' என்று எழுதிக்கொண்டு போனார். பென்சன் நின்றது.

"விடு ஆத்தா, பரவாயில்ல" என்றார் அப்பா. நான் திருப்பூருக்குத் துணி மடித்தேன்.

அத்தை மடிக்க விடவில்லை. கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றி, எங்களை அதன் இரண்டு பக்கமும் உட்கார வைத்து, நேரே அதிகாரியின் அறை வாசலில் இறக்கினாள்.

"என்னம்மா இது?"

"வசதி சார். நீங்க எழுதுன வசதி." முந்தானையால் பொட்டைத் துடைத்தாள். அடியில் அரசு முத்திரை. "நீங்க குடுத்ததுதான். ஒரு கையால குடுத்துட்டு, அதக் காட்டியே மறு கையால பறிப்பீங்களா?"

"இவங்களுக்கு நீங்க என்ன உறவு?"

"ஒரே தெரு. வேற என்ன வேணும்? பென்சன எழுதுற வரைக்கும் கிரைண்டர் இங்கிட்டுதான் இருக்கும். நானும் இருப்பேன்."

சாயங்காலம் கதவைப் பூட்டப் பார்த்தார்கள். கிரைண்டர் மறித்தது. அதிகாரி மறுபடி எழுதினார்.

மறுநாள் என்னைக் கல்லூரி பஸ்ஸில் ஏற்றிவிட அத்தையே வந்தாள். "பாதியில படிப்ப விட்டுட்டு வந்து நின்னே, ஒம் மேலயும் மனு போடுவேன்" என்றாள்.

அவளுக்குப் பயந்துதான் படித்து முடித்தேன் என்று இன்றும் எல்லோரிடமும் சொல்கிறேன். அத்தையிடம் எனக்கு ஒருநாளும் பயம் இருந்ததில்லை.