நாடாப்புழு ஆராய்ச்சிக் குளம்

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில், தொழிலாளர் போசாக்கை மேம்படுத்தும் உன்னத நோக்குடன், 2003ஆம் ஆண்டு ஒரு குளத்தில் கெண்டைக் குஞ்சுகள் விடப்பட்டன. காவலுக்கு இராயப்பன் நியமனமானார். மலைச்சரிவில் ரப்பர் பால்வெட்டும்போது சறுக்கி முழங்காலை உடைத்துக்கொண்ட மனிதர் அவர். மலையேறாமலே அன்றாடப் பேர் விழுந்து நாட்சம்பளம் கிடைக்கும் வேலை அந்தத் தோட்டத்தில் இது ஒன்றுதான்.

மாதம் ஆறாகவில்லை, மீன்களுக்கு வயிறு ஊதியது. திட்ட உத்தியோகத்தர் கபூர், போசாக்கு எதிர்பார்ப்பை மிஞ்சிவிட்டதாக மேலிடத்துக்கு எழுதினார். இராயப்பனுக்குப் பாழாய்ப்போன மனச்சாட்சி சும்மா இருக்கவில்லை. ஒரு மீனை அறுத்துக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேரென்று நாடாப்புழு.

கபூர் புத்தகம் பார்த்து விளக்கினார். நீர்க்காகத்தின் எச்சத்தில் புழுவின் முட்டை இருக்குமாம். அது தண்ணீரில் பொரிந்ததும் நீர்ப்பூச்சி தின்னுமாம், பூச்சியை மீன் தின்னுமாம், மீனை மறுபடி நீர்க்காகம் தின்னுமாம்.

"அப்ப காக்காவ வெரட்டிப்புடலாங்களே சேர்?"

"பறவ வேற இலாகா. அதுல நாங்க கை வைக்க ஏலா."

தண்ணீரை இறைக்கலாமென்றால் அதற்கு இன்னொரு இலாகாவாம். மீன் கபூரின் இலாகா. தொழிலாளர் லயத்துச் சனங்கள் எந்த இலாகா என்று இராயப்பன் கேட்டார். கபூர் கோப்பை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, அப்படியொன்றும் காணவில்லை என்றார். ஆகவே குளத்தை மூடுவது, இராயப்பன் திங்கட்கிழமை பால்வெட்டுக்குத் திரும்புவது என்று முடிவாயிற்று.

இராயப்பனுக்கு அப்போதே முழங்கால் வலித்தது.

"சேர், இந்தப் புழுவ ஆராய்ச்சி பண்ணக் கூடாதுங்களா?"

கபூரின் முகம் மலர்ந்தது. தோற்றுப்போன திட்டத்துக்கு விளக்கம் எழுதவேண்டும். ஆராய்ச்சிக்கோ ஜீப் கிடைக்கும். ஜீப் வந்தது. மீன் பிடிப்பதற்குத் தடை விதிக்கும் பலகையும் வந்தது. இராயப்பனின் காவலும் தொடர்ந்தது.

"ஏங்க, நம்ம எப்பத்தான் மீன் திங்கிறது?" என்று மனைவி ரோசலின் கேட்டார்.

"உரிய வேளையில் அறியத்தரப்படும்" என்றார் இராயப்பன்.

அடுத்த வருடம் நீர்க்காகங்கள் வரவில்லை. புதிதாக விட்ட மீன்களுக்கு வயிறு ஊதவில்லை. லயத்தில் மீன்கறிக்குச் சட்டி கழுவி வைத்தார்கள். அடுத்த பரிசோதனையிலும் புழு இல்லையென்றால் ஆராய்ச்சி முடிந்தது, காவலும் வேண்டியதில்லை என்று கடிதம் வந்தது. இராயப்பனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

ஒரு காலை, எங்கிருந்தோ ஒற்றை நீர்க்காகம் வந்து கரையில் இறங்கியது. வயிறு ஊதிய பழைய மீன் ஒன்றை இராயப்பன் தேடிப் பிடித்து, அதன் முன்னால் பணிவாக வைத்தார்.

"சாப்புடு ராசா. சாப்புட்டுட்டு இந்தப் பக்கமே இருந்துக்க."

லயத்தில் அன்றும் பருப்புதான் வெந்தது.