நசியாத தேசிக்காய்

சில குடும்பங்களில் நகைகள் கைமாறும். எங்கள் குடும்பத்தில் ஒரு பகிடி கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் அசடு வழிபவர் என் அப்பா. முப்பது வருடங்களுக்கு மேலாகக் கலியாண வீடுகளிலும் பிறந்தநாள் மேசைகளிலும் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சிரிப்பு வற்றிவிட்டது. முகம் மட்டும் பழக்கத்தில் சிரித்துவைக்கும். உண்மையில் அன்று அசடு வழிந்தவள் நான். இதை ஒப்புக்கொள்ள இவ்வளவு காலம் எடுத்ததற்குக் காரணம் பெருந்தன்மை அல்ல, சுத்தக் கோழைத்தனம்.

மிச்சம் என்ற ஆங்கிலேயப் புறநகரில் எங்களுக்கு ஒரு மூலைக்கடை இருந்தது. கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, புதர் மண்டிய வெளியொன்றில் பிஎம்எக்ஸ் சைக்கிள் ஓடுபாதை. களிமண்ணைக் குவித்துக் கட்டிய மேடுகள், வளைவுகள், மழை பெய்தால் தேங்கும் சேறு, அவ்வளவுதான். பள்ளி விட்டதும் குட்டைச் சைக்கிள்களோடு அங்கே கூடுவோம். சங்கிலி எண்ணெய் படிந்த விரல்களால் சிப்ஸ் தின்போம். யாருடைய முழங்கால் சிராய்ப்புப் பெரியது என்று அளந்து பார்ப்போம். சீட்டில் உட்கார்ந்து ஓடுவது எங்களுக்குள் பெரிய அவமானம். (இன்று உட்கார்ந்து எழும்புவதே ஒரு பந்தயம்.) அங்கே ஓடிய ஒரே தமிழ்ப் பிள்ளை நான். அந்த உண்மை யாருக்கும் நினைவு வராதபடி நடந்துகொள்வது பதின்மூன்று வயதில் என் முழுநேர வேலையாக இருந்தது.

அந்த வசந்தத்தில் ஓடுபாதைச் சைக்கிள் கழகத்தின் பெண்கள் அணியில் ஓர் இடம் காலியானது. ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தில் முதலாவதாக வருபவளுக்கு அந்த இடமும் கழகத்தின் சிவப்புச் சட்டையும். அந்தச் சட்டை இல்லாமல் வாழ்வதில் பொருளில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். என் மன்றாட்டம் தாங்காமல் அப்பா புதுச் சைக்கிள் வாங்கித் தந்தார்.

புது வாகனம் என்றால் அப்பாவுக்குத் தேசிக்காய் வேண்டும்; எலுமிச்சையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். முதல் ஓட்டத்துக்கு முன் சில்லுக்குக் கீழே வைத்து நசுக்கினால் கண்ணூறு கழியும். கடைச் சாமான் ஏற்றும் வானுக்கு வைத்தார்; தங்கச்சி சுபா பிறந்தபோது அவளுடைய தள்ளுவண்டிக்கு வைத்தார்; கடைக்குக் குளிர்பெட்டி வந்த நாளில் அதற்கும் வைத்தார். (அடியில் சில்லு இருந்தது, அவருக்கு அது போதும்.)

ஞாயிறு காலை நான் புறப்படும்போது கையில் தேசிக்காயோடு கடை வாசலில் நின்றார்.

"பிள்ளை, கொஞ்சம் நில்லு. ஒண்டை நசிச்சுப்போட்டுப் போ."

"அப்பா, பிளீஸ்! பஸ் ஸ்டொப்பில நிக்கிற ஆக்களெல்லாம் பாக்கினம்."

"பாக்கினமெண்டுதானே வைக்கிறது."

"எனக்கு உதுகளில நம்பிக்கை இல்லை!" என்று கத்தினேன். கடைக்குள்ளிருந்த சுபாவுக்கும் அது கேட்டது.

அப்பா தேசிக்காயைக் கொண்டுபோய்க் கடையில் விற்பனைக்கிருந்த மற்றவற்றோடு பெட்டியில் போட்டுவிட்டு அம்மாவைக் கூப்பிடப் பின்கட்டுக்குப் போனார். அந்த இடைவெளியில், உதுகளில் நம்பிக்கை இல்லாத நான், பெட்டியில் கைவிட்டு, கையுறைக்குள் மறையக்கூடிய ஆகச் சிறிய, ஆகப் பச்சையான, கல்லுப்போன்ற தேசிக்காய் ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

ஓட்டம் ஒரு சரிவின் உச்சியில் தொடங்கும். எட்டுப் பேரும் முன்சில்லை இரும்புத் தடுப்பு ஒன்றில் சாத்தி நிற்க வேண்டும். தடுப்பு விழுந்ததும் பாய வேண்டும். சப்பாத்து நாடாவை இறுக்குபவளைப்போலக் குனிந்து, சில்லுக்கும் தடுப்புக்கும் இடையில் தேசிக்காயைச் செருகினேன். வலப்பக்கம் என் சிநேகிதி ட்ரேசி. எங்களில் வேகமானவள் அவள்தான். அன்று என் பிரார்த்தனை முழுவதும் அவளுக்கு எதிராக இருந்தது.

தடுப்பு விழுந்தது. நான் பாய்ந்தேன்.

முதல் மேடு தாண்டியபோது எனக்கு முன்னால் ஒருவருமில்லை. இரண்டாவது வளைவில் அருகிலும் ஒருவருமில்லை. தெய்வ அருள் இவ்வளவு துல்லியமாக வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கடைசி நேர்பாதையில் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு கோட்டைக் கடந்தேன். மைதானம் மௌனமாக இருந்தது. வியப்பில் வாயடைத்துவிட்டார்கள் என்று எண்ணி, தலையை லேசாகச் சாய்த்து வணக்கமும் சொன்னேன்.

பிறகுதான் திரும்பிப் பார்த்தேன். சரிவின் அடியில் ஏழு சைக்கிள்களும் ஏழு பிள்ளைகளும் இடியப்பச் சிக்கலாகக் கிடந்தார்கள். ஆகக் கீழே ட்ரேசி.

நல்லவேளை, முழங்கைகளைத் தவிர யாருக்கும் காயமில்லை. பயிற்சியாளர் சரிவில் இறங்கி வந்து எதையோ பொறுக்கி உயர்த்திக் காட்டினார். ஒரு கீறல்கூட இல்லாத தேசிக்காய். என் சில்லுக்கு நசியாமல் உருண்டுபோய் ட்ரேசியை வழுக்கி விழுத்தியிருந்தது; மற்றவர்கள் அவள்மேல் விழுந்திருந்தார்கள்.

"இது யாருடையது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

தேசிக்காய் என்ற பொருளை வாழ்வில் முதன்முறையாகக் காண்பவளைப்போல நான் அதை உற்றுப் பார்த்தேன். எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்போது வேலியோரத்திலிருந்து, கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்த அப்பா, பள்ளிப் பிள்ளையைப்போலக் கையை உயர்த்தினார்.

"மைன், சேர். வெரி சாரி, சேர்."

ஏழு பிள்ளைகளின் பெற்றோரிடமும் தனித்தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டார். விளக்கம் சொல்லுமளவுக்கு ஆங்கிலம் போதாத இடங்களில் தலையைக் குனிந்தார். அவர் ஒவ்வொருவரிடமும் போவதைப் பார்த்துக்கொண்டு நான் என் புதுச் சைக்கிளோடு நின்றேன். ஏழு முறை அவகாசம் கிடைத்தது. ஏழு முறையும் பேசாமல் இருந்தேன்.

ஓட்டம் மறுபடி நடந்தது. கட்டுப்போட்ட முழங்கையோடு ட்ரேசி முதலாவது, நான் எட்டாவது. சிவப்புச் சட்டையை அவள் போட்டுப் பார்த்தபோது பொருத்தமாகத்தான் இருந்தது.

கடை வானில் திரும்பி வரும்போது நான் அழுதேன். அப்பா தெருவைப் பார்த்தபடியே, மெல்ல, "சின்னனா எடுத்துப்போட்டாய். கனிஞ்சதெண்டா நசிஞ்சிருக்கும்," என்றார். அவ்வளவுதான். அதன்பின் கேட்டவர்களுக்கெல்லாம், "நான் வைச்ச தேசிக்காய்," என்றே சொல்லிவந்தார்.

போன மாதம் நான் ஒரு கார் வாங்கினேன். (புதிதல்ல, ஆனால் நான்கு சில்லும் இருந்தன.) பார்க்கிங் என்ற ஊரிலிருந்து சுபா குடும்பத்தோடு வந்திருந்தாள். தேசிக்காய்க் கிண்ணத்தோடு அப்பா, எண்பது வயதின் நிதானத்தில், வாசற்படி இறங்கியதும் அவள் தொடங்கிவிட்டாள்.

"அப்பா, நீங்கள் மட்டும் தொடாதேங்கோ! தெருவே கவிண்டுபோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். என் முகமும் வழக்கம்போலச் சிரிக்கப் போனது. அன்று ஏனோ அதற்குக் களைத்துவிட்டது.

"அதை வைச்சது அப்பா இல்லை," என்றேன். "நான்தான் வைச்சனான்."

சுபா என் தோளைத் தட்டினாள். "பாவம் அக்கா. அப்பாவைக் காப்பாத்தப் பாக்கிறா."

"இல்லையடி, உண்மையா."

"உனக்குத்தான் உதுகளில நம்பிக்கையே இல்லையே! கடை வாசலில நிண்டு கத்தினது எனக்கு இப்பவும் காதுக்குள்ள நிக்குது."

சாட்சிக்காக நான் அப்பாவைப் பார்த்தேன்.

"ஓம்," என்றார் அப்பா, முகத்தில் ஒரு சலனமுமின்றி. "அவளுக்கு நம்பிக்கை இல்லை."

பிறகு கிண்ணத்திலிருந்த தேசிக்காய்களை ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்து, மஞ்சளாய்ப் பழுத்த ஒன்றைத் தேர்ந்து, என் உள்ளங்கையில் வைத்தார்.

"இது நல்லாக் கனிஞ்சது," என்றார்.