இன்னொரு சிட்டிகை உப்பு

வாசகரே, உப்புப் போடுகிறவர் என்றொரு இனம் உண்டு. சமையலறையில் தேடாதீர்கள். பஸ் வராவிட்டாலும், பரீட்சை கவிழ்ந்தாலும், பல்லைப் பிடுங்கினாலும், பெண் பார்க்க வந்தவர்கள் பதில் சொல்லாமல் போனாலும், "நல்லதுதாம்பா, அப்பத்தான் உறுதி வரும்" என்பார். யாருக்கு? எப்போதும் உங்களுக்கு.

ஏனாத்தூரில் பாசி ஆய்வுக்கூடம் நடத்தும் பிரேம்நாத் இந்த இனத்தில் முதல் தரம். அவரிடம் சான்றும் இருந்தது. பச்சையாக வளரும் நுண்பாசிக்கு உப்பும் கடும் வெளிச்சமும் கொடுத்து, உரத்தை நிறுத்தினால், அது வளர்வதை விட்டுவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளச் சிவப்பாக ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்டைச் சேர்த்துக்கொள்ளும். அதற்கு நல்ல கிராக்கி. எடுப்பதற்குப் பாசியை உடைக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை.

குடுவைகளைப் பார்த்துக்கொள்பவள் இளவரசி. அப்பா முனிரத்தினம் இறந்த பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்தாள்.

"வெள்ளிக்கிழமை அப்பாவுக்குக் காரியம் சார். நான் ஒரே பொண்ணு. லீவு வேணும்."

"வீட்ல குந்திக்கினு அழுதா அவரு எழுந்து வந்துடுவாரா? பாசியப் பாரும்மா. கஷ்டம் குடுத்தாத்தான் கலர் ஏறுது. குடுவை செவக்கட்டும், அப்புறம் போ."

சொல்லிவிட்டு ஏசியை இரண்டு டிகிரி குறைத்தார். அவருக்கு வெக்கையாக இருந்ததாம்.

இளவரசி உப்பை மில்லிகிராம் வரை நிறுத்துப் போட்டாள். அவரோ தினமும் காலையில் வந்து, குடுவைகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை போட்டுவிட்டுப் போனார்.

"அளவு தாண்டுது சார்."

"தாங்கும்மா. அதெல்லாம் தாங்கும்."

வியாழக்கிழமை குடுவைகள் வெளுத்திருந்தன.

"இன்னாம்மா, செவக்காம வெள்ளையாயிட்டுது?"

"செத்துப்போச்சு சார்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"இப்ப இன்னா பண்றது?"

"எடுத்து வச்சிருக்கற தாய்ப் பாசியிலேர்ந்து மறுபடி பச்சையா வளர்க்கணும். நல்ல தண்ணி, லேசான வெளிச்சம். பத்து நாள் யாரும் கிட்ட வரக் கூடாது."

"அப்போ பத்து நாளைக்கு உனக்கு..."

"வேலை இல்ல சார்."

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். ஐயம்பேட்டை ஷேர் ஆட்டோவில் ஓரத்து இடம் கிடைத்தது. வழியெல்லாம் அழுதாள். கண்ணைத் தவிர எதுவும் சிவக்கவில்லை.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். ஆனாலும் கடைசியாகத் துக்க வீட்டுக்குப் போனபோது, அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னீர்கள்? விரலை ஒருமுறை நக்கிப் பாருங்கள்.