எம்மெட்டின் இரண்டாம் பாதி

மனித குலத்துக்கு நாங்கள் ஆற்றிவரும் சேவையை வரலாறு இன்னும் ஒழுங்காகப் பதிவு செய்யவில்லை. நாங்கள் என்றால் தற்பாலீர்ப்பு ஆண்கள். அதிலும் நியூயார்க்கில் வசித்து, பாட்டு நாடகம் பார்த்தே சம்பளத்தைக் கரைப்பவர்கள். பேசிக்கொண்டிருக்கும் ஒருவன் திடீரென்று பாட ஆரம்பித்தால் உலகம் அவனைப் பைத்தியம் என்கிறது. நாங்கள் டிக்கெட் வாங்குகிறோம்.

ஏன் என்று கேட்பவர்களுக்காக நாங்கள் கூடிக் குடித்துப் பாடும் பியானோ பாரின் 'நிரந்தரத் தலைவர்' தடியஸ் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார். சின்ன வயதிலிருந்து வாயைப் பொத்திக்கொண்டே வளர்ந்தவனுக்கு, மனசில் இருப்பதை ஒருவர் தொண்டை கிழியப் பாடுவதைப் பார்த்தால் அழுகை வராதா? வரும். எனக்கு வாத்தியக்காரர் ட்ரம்பெட்டைக் கையில் எடுத்தாலே வந்துவிடும். இந்தத் துறையில் நான் 'நிபுணன்'.

என்னோடு வாழ்ந்த எம்மெட் மட்டும் விதிவிலக்கு. பல் மருத்துவன், தங்கமானவன். ஆனால் எந்த நாடகமானாலும் இடைவேளை விட்டதும், "காலையில பேஷன்ட் வராங்கப்பா" என்று கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். இந்தக் குறையை நான் பெருந்தன்மையோடு சகித்துவந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, பாரில் எல்லாரும் பாடிக்கொண்டிருக்கும்போது, விமானத்தில் நாலு மணி நேரத் தொலைவிலுள்ள டென்வரில் தனக்கு வேலை கிடைத்திருப்பதாக அவன் என் காதருகே சொன்னான்.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் போகல."

புல்லரித்துவிட்டது. என்ன வசனம்! அவன் இல்லாத வீட்டை நினைத்தால், இருடா என்று சட்டையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் நிபுணன் அவசரப்படலாமா? தலைவரிடம் ஆலோசனை கேட்டேன். பாட்டு நிறுத்தப்பட்டு, அவசரக் கூட்டம் கூடியது. எம்மெட் கையில் பிரெட்ஸல் பிஸ்கட்டோடு நின்றான்.

"இது முதல் பாதியோட கடைசிக் காட்சிடா," என்றார் தடியஸ். "இப்பவே தடுத்துட்டா ரெண்டாம் பாதிக்கு என்ன பண்ணுவே? போகட்டும் விடு. போனாத்தானே திரும்பி வருவான்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. எம்மெட்டுக்கு ஓட்டு இல்லை.

நான் முகத்தில் விளக்கொளி விழும் இடமாகப் பார்த்து நின்றுகொண்டு, "போயிட்டு வா" என்றேன். குரல் சரியான இடத்தில் உடைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். எம்மெட் பிஸ்கட்டைத் தட்டில் வைத்தான். அப்புறம் கோட்டை மாட்டிக்கொண்டான்.

குளிர்காலம் முழுக்கத் தயாராகவே இருந்தேன். மணி அடித்தால் எந்தத் தோரணையில் கதவைத் திறப்பது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். வந்தவர்கள் எல்லாம் பீட்சாக்காரர்கள். அவர்கள் முன்னால் கண் கலங்கி நின்றதுதான் மிச்சம். கடைசியில் மானத்தை விட்டு போன் செய்தேன். எப்போது வருவாய் என்றேன். எதற்கு என்றான்.

"ரெண்டாம் பாதிக்கு."

அவன் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "நான் என்னிக்குடா ரெண்டாம் பாதிக்கு உக்காந்திருக்கேன்?" என்றான்.

ஆகவே, வரலாறு எங்கள் சேவையைப் பதிவு செய்யும்போது என் பங்கையும் சேர்த்துக்கொள்ளட்டும். மேடையில் 'போகாதே' என்று பாடியவர்களுக்கெல்லாம் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறேன். எம்மெட் என்னைப் பாடச் சொல்லக்கூட இல்லை. ஒரு வார்த்தை பேசத்தான் சொன்னான்.